உள்ளங்கைப் பார்வை

சிக்காலிம், கோவா
4 ஜூன் 1996

என் பிரிய மெனினோவுக்கு,

உன் அக்கா பியேதாத் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நம்மைப் பெற்ற மாய் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் கிணற்றடியில் விழுந்தவள் இன்னும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கஞ்சியில் உப்பு போடத் தெரியாதவள் என்று காலையில்தான் என்னைத் திட்டினாள். நீ மஸ்கத்தில் எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஓட்டலை மூடிவிட்டார்கள். பதினாலு வருஷம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சிரித்த முகம், இப்போது வீட்டில் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் வாடகைக் கம்பெனியில் கவுண்டருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனேன். வெள்ளைக்காரர்கள் டிரைவர் இல்லாமல் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாகச் சுற்றுவார்களே, அந்த மாதிரிக் கம்பெனி.

ஒலாவோ என்று ஒரு மேனேஜர். "வண்டி ஓட்டுவீங்களா?" என்று கேட்டார். "பைக் டாக்சியில பின்னாடி உக்காந்து போவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. முற்றத்துக்குக் கூட்டிப்போய், கார் படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார். "இந்த வண்டியச் சுத்தி வந்து எங்கெங்க அடி, எங்கெங்க கீறல்னு படத்துல குறிங்க" என்றார். மூன்று சுற்று சுற்றினேன், திருவிழாப் பவனி மாதிரி. கடைசியில் "ஒன்றுமில்லை, நல்ல வண்டி" என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு இடத்தில் கீறல் இருந்ததாம்.

"வாடகைக்கு எடுக்கறவன் நல்ல வண்டின்னு சொன்னா சந்தோஷம். நாமளே சொன்னா கடைய மூட வேண்டியதுதான்" என்றார். அக்டோபரில் சீசன் ஆரம்பிக்கும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

என் செல்லத் தம்பி பாபா, நீ ஆறு வருஷமாக அதே தொழிலில் கவுண்டர் மேனேஜராக இருக்கிறாய். எனக்குச் சொல்லிக் கொடு. நான் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் ஊருக்குத் திரும்பி வந்துவிடுவதாக நீதானே சொன்னாய்? மாய் தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள். "மெனினோ எப்ப வர்றான்?"

முத்தங்களுடன்,
பியேதாத்

*

மஸ்கத்
2 ஜூலை 1996

என் பிரிய மானாவுக்கு,

அக்கா, உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் எனக்கென்ன, குளிரூட்டிய அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் மேசைக்கே வருகிறது. மாயின் இடுப்பு எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கும்போது மெதுவாகத் தேய்.

பதினோரு கீறலையும் விட்டாயா? சின்ன வயதில் என் சட்டையில் ஒரு ஜாம் கறையைக்கூட விடமாட்டாயே! சரி, கவனமாகக் கேள்.

உலர்ந்த வண்டியில் கீறல் தூசிக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் தண்ணீர் ஊற்று. ஈரம் போவதற்குள் உள்ளங்கையைப் பதித்து, பின்னாலிருந்து முன்னாலே தடவிக்கொண்டே போ. கீறல் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒரு நொடி தயங்கி நிற்கும். அங்கே விரல் நகத்தை வை, மாட்டினால் ஆழக் கீறல், மாட்டாவிட்டால் மேல் கீறல். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார். பம்பருக்கு அடியில் கையை விட்டுப் பார், அங்கேதான் எல்லாத் திருட்டுத்தனமும் இருக்கும். கதவைத் திறந்து விளிம்பைத் தடவு. கூரையை மறக்காதே. எல்லோரும் மறப்பது கூரையைத்தான். கண்ணை நம்பாதே மானா, கையை நம்பு.

இது கைக்கு வந்துவிட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாய். நீ வேலையில் உட்காரு. அடுத்த கப்பலோ விமானமோ, நான் வந்து இறங்குகிறேன்.

மாய்க்கு என் முத்தம்.
உன் மெனினோ

*

சிக்காலிம்
1 ஆகஸ்டு 1996

என் பிரிய மெனினோவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே மழை கூரையைப் பிய்க்கிறது. மாய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பாவ் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக் கொடுத்தால் இரண்டு தின்கிறாள்.

நீ சொன்னபடி பழகுகிறேன். நம்மிடம் கார் ஏது? பங்குச் சாமியாருடைய பியட்டைப் பிடித்துக்கொண்டேன். மழையில் நனைந்துதான் நிற்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையும் இல்லை. சாமியார் குடையோடு வந்து, "பியேதாத், என் வண்டிக்குக் கை வச்சு ஜெபம் பண்றியா?" என்றார். "பின் பம்பருக்கு அடியில ஒரு நசுங்கல் இருக்கே ஃபாதர், புதுசா?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கல்லறைச் சுவர்ல இடிச்சுட்டேன். கோயில் கமிட்டிக்குத் தெரிய வேணாம்மா" என்றார். சாமியாரே என்னிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிற நிலைமை வந்துவிட்டது.

நேர்முகத்தில் என்னென்ன கேட்பார்கள்? உன்னை எடுத்தபோது என்ன கேட்டார்கள்? அதை எழுது.

உன் அக்கா,
பியேதாத்

*

மஸ்கத்
29 ஆகஸ்டு 1996

என் பிரிய மானாவுக்கு,

நான் நலம். மாய் பாவ் தின்கிறாள் என்று படித்ததும் எனக்கே வயிறு நிறைந்தது. பியட் கதையை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கொங்கணி தெரியாத வங்காளிகூடச் சிரித்தான்.

என் நேர்முகம் பம்பாயில் நடந்தது. ஒரு ஓட்டல் மாடியில் இருநூறு பேர். காலையில் வரிசையில் நின்றவனை மத்தியானம் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மூன்றே கேள்விகள், மூன்றாவதுதான் முக்கியம். "வாடிக்கையாளர் கத்தினால் என்ன செய்வாய்?" "சார், எனக்கு வீட்ல ஒரு அக்கா இருக்காங்க, பழக்கம்தான்" என்றேன். கேள்வி கேட்ட அரபி விழுந்து விழுந்து சிரித்தான். உன் புண்ணியத்தில்தான் என்னைக் கவுண்டருக்கு என்று எழுதிக்கொண்டார்கள். அப்புறம் விமானம் ஏறினேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும்.

நீ பயப்படாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிடாதே.

உன் மெனினோ

*

சிக்காலிம்
10 அக்டோபர் 1996

என் பிரிய மெனினோவுக்கு,

நாங்கள் சுகம், நீ சுகம் என்று நம்புகிறேன்.

வேலை கிடைத்துவிட்டது! திங்கள்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். கவுண்டரில்தான்.

ஒலாவோ இந்தத் தடவையும் கார் படத் தாளை நீட்டினார். நான் ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். சேலை கட்டாமல் வந்தது நல்லதாயிற்று, பழைய பாவாடைதான் கட்டியிருந்தேன். தண்ணீரை ஊற்றி, கையை வைத்து, பின்னாலிருந்து முன்னாலே போனேன். குத்துக்காலிட்டு அடியில் கையை விட்டேன். முக்காலி போட்டுக் கூரையைப் பார்த்தேன். பதினாலு குறித்துக் கொடுத்தேன். அவர்கள் கணக்கில் பன்னிரண்டுதான் இருந்தது. மீதி இரண்டைத் தேடி அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், இருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "என் தம்பி, மஸ்கத்துல உங்க தொழில்தான்" என்றேன். அவரும் அங்கே ஒன்பது வருஷம் இருந்தவராம். என் ஈரக் கையைப் பார்த்தார். அப்புறம் தேநீர் வரவழைத்தார். "உங்க தம்பி நல்ல வேலைக்காரன்" என்றார்.

இனி என்ன பாபா? நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரிய நாற்காலியை வேறு யாருக்காவது விட்டுக் கொடு. மேனேஜராக இல்லாவிட்டால் இங்கே உன்னை வீட்டுக்குள் விடமாட்டோம் என்றா சொல்லப் போகிறோம்? வெறுங்கையோடு வா. கிறிஸ்துமஸுக்குத் தேங்காய்ப் பூரணம் வைத்து நேவ்ரிப் பலகாரம் நான் பிடிக்கிறேன், நீ தின்னு.

உன் அக்கா,
பியேதாத்

*

மஸ்கத்
3 நவம்பர் 1996

என் பிரிய மானாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் குதித்தேன், மேல் கட்டில்காரன் திட்டினான். அக்கா கவுண்டரில்! இனி நம் வீட்டில் யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை.

இந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. வேலை வேண்டாம் என்று எழுதிய தாள் சட்டைப் பையில் தயாராக இருக்கிறது. முப்பதாம் தேதி கொடுத்துவிடுவேன். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு மாயைத் தூக்கிக்கொண்டாவது போவேன். அவளிடம் சொல்.

உன் வேலையைப் பற்றி ஒன்று விடாமல் எழுது. மேசை எப்படி, நாற்காலி எப்படி, மின்விசிறியா குளிரூட்டியா, எல்லாம் எழுது.

உன் மெனினோ

*

சிக்காலிம்
16 நவம்பர் 1996

என் பிரிய மெனினோவுக்கு,

சுகம், சுகமே எதிர்பார்க்கிறேன். நீ வருகிறாய் என்று சொன்னதும் மாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலைவாரிவிடச் சொன்னாள். நன்றாகத் தேறிவருகிறாள். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு எர்மெலிந்தா பார்த்துக்கொள்கிறாள்.

வேலையைப் பற்றி என்ன சொல்ல? மேசை பெரிசு. நாற்காலி சுழலும். மின்விசிறி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் கடற்கரையையே வண்டிக்குள் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே போகிற மணல் துணிக்கு வராது, பல் துலக்கும் பிரஷ்ஷால் தோண்டினால்தான் வரும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் சோப்பு போட்டால் அலசுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும், அதனால் கூரையை முதலில் முடித்துவிட வேண்டும். ஒரு ஆள் முன் இருக்கையில் மீன் குழம்பைக் கொட்டிவிட்டு, "மன்னிக்கணும், அது என் பெண்டாட்டி சமையல் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனான்!

உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன். எந்தத் தேதி என்று எழுது.

உன் அக்கா,
பியேதாத்

*

மஸ்கத்
12 டிசம்பர் 1996

என் பிரிய மானாவுக்கு,

நான் நலம். மாய் தேறிவருவதைப் படித்துச் சந்தோஷம்.

நான் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெரிய பதவி கொடுத்திருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை. ஏன் எதற்கு என்று கேட்டு எழுதாதே. உன் வேலையை இந்த மாதத்தோடு விட்டுவிடு. வீட்டுக்கு வேண்டியதை நான் அனுப்புகிறேன். நீ மாயோடு வீட்டில் இரு.

ஊருக்கு வரும் என் அறைக்காரன் சேவியரிடம் ஒரு களிம்பு டப்பா கொடுத்திருக்கிறேன். மாயின் காலுக்கு. உன் கைக்கும் தடவிக்கொள், விரல் இடுக்கில் நன்றாகத் தடவு.

மெனினோ

*

சிக்காலிம்
4 பிப்ரவரி 1997

என் பிரிய மெனினோவுக்கு,

இந்தக் கடிதத்தில் சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

எர்மெலிந்தா வீட்டு டெலிபோனில் நீ அழுததைத் தவிர ஒன்றும் பேசவில்லை. கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாய். மாய்க்கு முடியவில்லை என்று ஜனவரி பதினாலாம் தேதி நான் கொடுத்த தந்தி ஏன் இருபதாம் தேதி உன் கைக்கு வந்தது என்று. அதற்குள் மாயைப் புதைத்துவிட்டோம்.

தப்பு என்னுடையது. கடிதமென்றால் உன் தபால் பெட்டிக்கு வரும், தந்திக்குக் கம்பெனி விலாசம்தான் இருந்தது. தபால் ஆபீஸில் அந்தப் பெண் கேட்டாள், "ஆளு அங்க என்ன வேலை? போட்டாத்தான் சீக்கிரம் சேரும்." நான் கவுண்டர் மேனேஜர் என்று போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் உன் கவுண்டரில் மெனினோ என்று யாரும் இல்லை என்று அங்கேயே கிடக்கும் என எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்க வேண்டும், நீ மேனேஜர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அக்டோபரிலேயே தெரியும். ஈரக் கையால் வண்டியைத் தடவிவிட்டு நான் நிமிர்ந்தபோது ஒலாவோ சொன்னதை உனக்கு முழுதாக எழுதவில்லை. "கவுண்டர்காரன் நின்னுக்கிட்டே சுத்தி வருவான்மா. இப்படித் தண்ணி ஊத்தி, உக்காந்து, அடியில கை விட்டுப் பாக்கறது கழுவறவன் பார்வை. இதக் கவுண்டர்ல இருக்கறவன் யாருக்கும் சொல்லித் தர முடியாது." அதற்கப்புறம்தான் நல்ல வேலைக்காரன் என்றார். கவுண்டருக்கு அவர் முதலாளி தன் மச்சினியை எடுத்துவிட்டார். எனக்கு ஒலாவோ முற்றத்தில் வேலை கொடுத்தார், கழுவுகிற வேலை. எடுத்துக்கொண்டேன். நீ ஆறு வருஷம் செய்ததை நான் செய்ய மாட்டேனா?

உன் தேநீரும் டையும் எதற்காக என்று எனக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை பாபா. நான் கவுண்டரில் என்று எழுதினால்தான் நீ வருவாய் என்று பொய் எழுதினேன். மாய் தேறுகிறாள் என்பதும் பொய். பயத்தில் ஓடிவர வேண்டாம், சந்தோஷமாக வரட்டும் என்று நினைத்தேன். அந்தத் தந்தியிலும் உன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். நீ வராமல் போனதற்கு அதுவே காரணமாகிவிட்டது.

களிம்பு டப்பாவைத் திறந்த அன்றுதான் உனக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஆனால் எப்படி என்று புரியவில்லை.

பியேதாத்

*

மஸ்கத்
23 பிப்ரவரி 1997

என் பிரிய மானாவுக்கு,

மாய்க்காக இங்கே ஒரு பூசை வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாய். நுணலும் தன் வாயால் கெடும். வெயிலில் சோப்பு காய்ந்துவிடும், கூரையை முதலில் முடிக்க வேண்டும் என்று எழுதினாயே, மேசையில் உட்காருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? முப்பதாம் தேதி காலையில் வேலை வேண்டாம் என்ற தாளோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். கூப்பிடும் வரை சும்மா நிற்பானேன் என்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முன்பு மூன்று தடவை படித்தும் சிரித்துக்கொண்டே தாண்டிப்போன வரி அது. நான்காவது தடவை கண்ணில் பட்டது. என் அக்கா வெயிலில் குனிந்து மணல் தோண்டுகிறாள். நான் ஊருக்கு வந்துவிட்டால் அவள் ஆயுசுக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். தாளைக் கிழித்தேன். உள்ளே போய் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பதவியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே வாளி.

பம்பாயில் கவுண்டருக்கு என்றுதான் எடுத்தார்கள், அது பொய்யில்லை. இங்கே வந்து இறங்கிய அன்று ஒரு ரப்பர் பூட்ஸைக் கொடுத்தார்கள். மூன்று மாதம்தான் என்றார்கள். முதல் கடிதத்தில் உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று கவுண்டர் என்றே எழுதினேன். அதற்குப் பிறகு மாற்றி எழுத முடியவில்லை. நீ கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாய். மேனேஜர் எப்படி ஊருக்கு இந்தக் கையோடு வருவான்? அதனால்தான் ஆறு வருஷமும் வரவில்லை. லீவு கிடைக்காமல் இல்லை மானா. வெட்கம்தான்.

உன் தந்தி ஆறு நாள் எனக்கு நாற்பதடி தூரத்தில், ஒரு மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அந்த ஆறு நாளும் நான் கண்ணாடிக்கு வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் எழுது. இனி நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது? கடைசியில் மாய் என்னைக் கேட்டாளா?

மெனினோ

*

சிக்காலிம்
15 மார்ச் 1997

என் பிரிய மெனினோவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஏழு பேருக்கும் என் நன்றியைச் சொல்.

கேட்டாள். நீ மறைக்காதே என்றதால் எழுதுகிறேன்.

கடைசி பத்து நாள் அவளுக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை. பதினெட்டாம் தேதி சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து, கை துடைக்கக்கூட நிற்காமல் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். வழக்கமாக எர்மெலிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள், அன்று என் கையைத் தேடிப் பிடித்தாள். பிடித்ததும் அவள் முகம் மாறியது. என் கை இப்போது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தோல் வெடித்து, முட்டி தடித்து, நகமெல்லாம் போய். அவள் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் தடவினாள். அப்புறம், "வந்துட்டியாடா மெனினோ?" என்றாள்.

எர்மெலிந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையை ஆட்டி நிறுத்தினேன். என் குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயம். அதனால் ஒன்றும் சொல்லாமல் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். "ஆம்பள கை ஆயிடுச்சு" என்றாள். "அங்க ரொம்ப வேலை வாங்கறாங்களா?" என்று கேட்டாள். அதற்கும் கையைத்தான் அழுத்தினேன். "பியேதாத்கிட்ட சொல்லு, உனக்குச் சோறு போடச் சொல்லு" என்றாள். அப்படியே தூங்கிப்போனாள். காலை நாலு மணிக்கு மூச்சு நின்றது. அதுவரை கையை விடவில்லை.

நான் இன்னும் முற்றத்தில்தான் வேலை செய்கிறேன். விடச் சொல்லி இனி எழுதாதே. ஊரில் எல்லோரிடமும் என் தம்பி வண்டி கழுவுகிறான், நானும் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ எப்போது வேண்டுமானாலும் வா. விலாசத்தில் மேனேஜர் என்று போடவில்லை, உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா,
பியேதாத்